செமி பைனலுக்கு முந்தின ஏழு நாள்

மூணாறு மலையில் எஸ்டேட்டுகளுக்கிடையே ஒரு கால்பந்துப் போட்டி நடக்கிறது. ஃபின்லே ஷீல்டு என்று பெயர். 1941ல் தொடங்கியது. ஃபின்லே என்பது அந்த மலையை ஆண்ட வெள்ளைக்காரக் கம்பெனி. பிறகு டாடா வந்தது. 2005ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்று புதுக் கம்பெனி வந்தது. முதலாளி மாறினாலும் ஷீல்டின் பெயர் மாறவில்லை. எஸ்டேட்டுக்கு ஒரு டீம். பழைய மூணாறு மைதானத்தில் ஆட்டம். ஆடுகிறவர்கள் கொழுந்தெடுக்கிற பெண்களின் பிள்ளைகள், ஃபேக்டரியில் இலை வாட்டுகிறவர்கள், காட்டில் மருந்தடிக்கிறவர்கள். சுற்றிலும் மேட்டில் உட்கார்ந்து பார்க்கிற ஆயிரக்கணக்கான ஜனமும் அவர்களேதான். அந்த ஜனத்தில் பெரும்பகுதி நம்முடைய ஆட்கள். கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போன திருநெல்வேலிச் சீமையின் பள்ளர், பறையர், அருந்ததியர்.

தேயிலைத் தோட்டத்துத் தலித்துகளைப் பற்றி நாம் எழுதாமல் இல்லை. கூலிக் கணக்காக எழுதியிருக்கிறோம். அட்டைக்கடியை எழுதியிருக்கிறோம். பிணங்களை எண்ணி எழுதியிருக்கிறோம். எல்லாம் எழுத வேண்டியவைதான். ஆனால் அந்த ஜனம் எதை எதிர்பார்த்து ராத்திரி தூக்கமில்லாமல் புரண்டு கிடக்கிறது என்று எழுதியதில்லை. ஒடுக்கப்பட்டவனுக்குப் பசி உண்டு என்று ஒத்துக்கொள்கிறவர்கள்கூட அவனுக்கு ஆசை உண்டு, ஆசைக்கும் ஒரு கணக்கு உண்டு என்று யோசிப்பதில்லை. நான் எழுத வந்தது ஒரு செமி பைனலுக்கு முந்தின ஏழு நாளைப் பற்றி.

மணிமுத்தாறுக்காரனுக்கு மூணாறில் என்ன ஜோலி என்று கேட்கலாம். மணிமுத்தாறு அணைக்கட்டைத் தாண்டி மலையேறினால் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாகத் தேயிலைதான். நாலுமுக்குக்குக் கம்பெனிக் காகிதத்தில் பெயரே மணிமுத்தாறு எஸ்டேட். சிங்கம்பட்டி ஜமீன் 1929ல் 8,373 ஏக்கர் காட்டை 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனிடம் கொடுத்தது. கண்ணன் தேவன் மலையை 1877லேயே பூஞ்ஞாறு ராஜா மன்றோ துரையிடம் கொடுத்துவிட்டார். கொடுத்தவர்கள் ராஜாக்கள், வாங்கியவர்கள் துரைகள். காட்டை வெட்டித் தேயிலை நட்ட கைகள் மட்டும் இரண்டு மலையிலும் ஒரே மாதிரியான சேரிகளிலிருந்து போன கைகள். ஒரே வீட்டில் அக்கா நாலுமுக்குக்குப் போவாள், தங்கச்சி மூணாறுக்குப் போவாள். எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான். அப்பாவைப் பெத்த பாட்டி நாலுமுக்கில் கொழுந்தெடுத்தவள். அத்தையை மூணாறில் கட்டிக்கொடுத்தது.

2009 பிப்ரவரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அத்தை வீட்டுக்குப் போனேன். மதுரை, தேனி, போடி, போடிமெட்டு என்று பஸ் மாறி மாறி ராத்திரி போய்ச் சேர்ந்தேன். விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. எட்டு வீடு சேர்ந்த லயத்தில் கடைசி வீடு. என்னைப் பார்த்ததும் மாமா சௌக்கியம் கேட்கவில்லை. "சரியான நேரத்துக்கு வந்துருக்கே மாப்ள. நம்ம டீமு செமிக்கு வந்துட்டு" என்றார். அத்தை மகன் லெஃப்ட் பேக். எஸ்டேட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் நான் சொல்லப்போகும் ஆட்கள் யார் யாரென்று தெரிந்துவிடும். அவர்கள் இன்னும் அங்கேதான் பிழைக்கிறார்கள்.

எதிர் டீம் பெரிய டீம். ஷீல்டைப் பல வருஷம் தூக்கிப்போன எஸ்டேட். எங்கள் ஆட்கள் செமி பைனலுக்கு வந்ததே லயத்தில் பலருக்கு நினைவு தெரிந்து முதல் தடவை. ஏழு நாள் இருந்தது. அந்த ஏழு நாளும் அந்த எஸ்டேட்டில் வேறு பேச்சில்லை.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரசிகன் என்றால் விவரம் தெரியாமல் கத்துகிறவன் என்று நினைப்பு இருக்கிறது. நான் அங்கே பார்த்தது நேர்மாறு. எதிராளியின் பலத்தை அவர்களைப்போல் யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. "அவுங்க சென்டர் பார்வேர்டு சோத்துக்கால்காரன். இடது பக்கமா ஒதுக்கிவிட்டா பந்த மேட்டுல அடிப்பான்." "கார்னருக்கு ரெண்டு நெட்டையனுவ ஏறி வாரானுவ, அவனுவள யாரு பிடிக்கது?" "பிற்பாதில காத்து ஆத்துப் பக்கமிருந்து அடிக்கும். டாஸ் ஜெயிச்சா எந்தப் பக்கம் எடுக்கணும்?" அங்கே பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். ஆட்டத்தைக் களி என்பார்கள். கோபம் வந்தால் மட்டும் சுத்தமான திருநெல்வேலி வந்துவிடும். பெண்களும் பேசினார்கள். கொழுந்துக்கூடையை முதுகில் போட்டுக்கொண்டு காலையில் நடக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். அத்தை ஒருநாள் சொன்னாள். "நம்ம பயலுவ மொத இருவது நிமிஷம் தாங்கிட்டா போதும்யா. பெரிய டீமுக்குப் பொறும கெடையாது. எளச்சவன் தாங்குனா வலுத்தவனுக்குக் கோவம் வரும். கோவம் வந்தா பவுலு பண்ணுவான்." பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவள். எதிராளியைப் படிக்கத் தெரிந்தவள்.

அந்த வாரத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். எஸ்டேட் என்பது மேலிருந்து கீழே பேசுகிற இடம். துரை கண்டக்டரிடம் பேசுவார், கண்டக்டர் சூப்பர்வைசரிடம் பேசுவார், சூப்பர்வைசர் தொழிலாளியிடம் பேசுவார். கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். எத்தனை கிலோ? வருஷம் முழுக்க ஒரு பெண்ணிடம் எஸ்டேட் கேட்பது அவள் பறித்த எடையைத்தான். அந்த ஏழு நாள் மட்டும் கேள்வி மாறியது. எடைத்தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தக் கண்டக்டர் கேட்டார்: "என்ன, நீங்க என்ன நெனைக்கிறீங்க, ஜெயிச்சிருவமா?" நீங்க என்ன நினைக்கிறீங்க. இந்த வார்த்தையை அந்தப் பெண்கள் அதற்கு முன்னால் யார் வாயிலும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களும் விடவில்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருத்தி, அந்த எதிர் எஸ்டேட்டில்தான் அவளைக் கட்டிக்கொடுக்கப் பார்த்தார்களாம், மாப்பிள்ளை பந்து விளையாடத் தெரியாதவன் என்று வேண்டாமென்று சொன்னாளாம். எடை போடுகிற இடம் சிரிப்பாகிவிட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பயிற்சி. சரிவில் செதுக்கின மைதானம். பந்து கீழே போனால் தேயிலைக்குள் விழும், சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்து வருவார்கள். நல்ல பூட்ஸ் நாலைந்து பேருக்குத்தான். மாரியம்மன் கோயிலுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டார்கள், சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். இரண்டையும் ஒரே வீட்டில் செய்தவர்களும் உண்டு. மாமாவுக்கு ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். ஆட்டத்தன்று பகலில் தூங்காமல் வருவதற்காக நாலு நாளாகத் தூக்கத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, பகலிலும் தூங்காமல் பந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இனி அந்தக் கீப்பரைப் பற்றி. அவன்தான் டீம். செமி பைனல் வரைக்கும் வந்தது அவன் கையால் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். இருபத்திரண்டு வயதிருக்கும். அருந்ததியர். அவன் அப்பா எஸ்டேட்டில் சாக்கடை, கக்கூஸ் சுத்தம் செய்கிற வேலை. அவர்கள் குடியிருந்தது ஒதுக்கமாக, ஓடைக்கு அந்தப் பக்கம். எங்கள் லயத்தில் பள்ளரும் பறையரும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே தகரக்கூரை, எல்லாம் ஒரே கூலி. உள்ளே ஓடைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கோடு இருந்தது. அவன் கோல் தடுத்தால் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஓடை வந்ததும் இறக்கிவிடுவார்கள். அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதுவார்கள், சாப்பிட மாட்டார்கள். இதை அவன் சொல்லி நான் கேட்கவில்லை. எங்கள் அத்தை வீட்டிலேயே பேச்சுவாக்கில் பெருமையாகச் சொன்னார்கள்: "நம்ம ஆளுவ அங்க கைநனைக்க மாட்டோம்."

பழைய கேப்டனுக்கு முட்டி வீங்கிவிட்டது. செமி பைனலுக்கு யார் கேப்டன் என்று மூன்றாம் நாள் ராத்திரி கமிட்டி கூடியது. ஆட்டம் தெரிந்தவர்களுக்கு அதில் கேள்வியே இல்லை. பின்னால் நின்று எல்லோரையும் சத்தம்போட்டு நிறுத்துகிறவன் கீப்பர்தான். பெரியவர்கள் இழுத்தார்கள். ஒருத்தர் சொன்னார். "அவன் கீப்பரா நிக்கட்டும், அதுல மாத்தமில்ல. கேப்டன் வேற யாரயாது பேசிக்கிடலாம். பெரியாளுக வருவாக, கை குடுக்கணும், போட்டா எடுப்பாக." யாரும் சாதியைச் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது சாதி என்று தெரியும். சாதி இந்து நம்மிடம் பேசுகிற அதே நைச்சியம், அதே சுற்றிவளைப்பு, நம் வாயிலிருந்து நம்மில் கீழே வைக்கப்பட்டவனை நோக்கி. வெளியே திண்ணையில் உட்கார்ந்து பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்த அத்தை உள்ளே கேட்கும்படி சொன்னாள்: "கோலு விழாம தடுக்கதுக்கு அவன் கை வேணும். துரைக்குக் கை குடுக்கதுக்கு மட்டும் வேற கையாக்கும்?" கைநனைக்க மாட்டோம் என்று பெருமை பேசின அதே அத்தை. எனக்கு இன்றுவரை அந்த மாற்றம்தான் பிடிபடவேண்டிய விஷயமாக இருக்கிறது. பயல்கள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தை மகனும் இன்னும் இரண்டு பேரும் எழுந்து, "அவன் கேப்டன் இல்லன்னா நாங்க எறங்கல" என்றார்கள். செமி பைனலுக்கு நாலு நாள். பெரியவர்களுக்கு வேறு வழியில்லை. கீப்பரே கேப்டன் என்று முடிவானது.

விளையாட்டில் இது புதிதல்ல. பாலு பல்வங்கர் என்று சாமர் சாதியில் பிறந்த பந்துவீச்சாளர் இருந்தார். 1911ல் இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்து போனபோது நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். பூனாவில் அவரோடு சேர்ந்து ஆடிய இந்துக்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் டீ குடித்தார்கள், அவருக்கு வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள். பந்தை வாங்கின கை, கோப்பையை வாங்கக்கூடாது. பம்பாயில் இந்துக்கள் அணிக்கு அவரைக் கேப்டனாக்காமலே காலத்தை ஓட்டினார்கள். அவர் தம்பி விட்டல் 1923ல்தான் கேப்டனானார். அந்த 1911லேயே கல்கத்தாவில் மோகன் பகான் டீம் ஐ.எஃப்.ஏ. ஷீல்டில் வெள்ளைக்காரப் பட்டாளத்து டீம்களை வென்றது. செமி பைனலில் மிடில்செக்ஸ் ரெஜிமெண்ட்டோடு முதலில் டிரா, மறு ஆட்டத்தில் 3-0. பைனலில் ஈஸ்ட் யார்க்ஷயரை 2-1. பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். தேசத்தின் வெற்றி என்று அந்தப் பதினோரு பெயரையும் இன்றுவரை வரிசையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். பாதுரி, முகர்ஜி, சாட்டர்ஜி என்கிற பெயர்களுக்கு வெறுங்கால் ஒரு கதை. தேயிலைக்காட்டில் தலைமுறை தலைமுறையாகச் செருப்பில்லாமல் நடந்தவன் வெறுங்காலோடு பந்தாடினதை எழுதி வைக்க யாருமில்லை.

மணிமுத்தாறில் இந்தக் கதையை ஒரு தோழரிடம் சொன்னபோது அவர், "பந்தைக் குடுத்ததே முதலாளிதான தோழர். ஞாயித்துக்கெழம பந்த உருட்டிட்டு இருந்தா திங்கக்கெழம கொடியத் தூக்க மாட்டான்னு குடுத்தான்" என்றார். கொடுத்தவன் நோக்கம் அதுவாகவே இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஷீல்டில் கம்பெனி பெயர், பனியனில் எஸ்டேட் பெயர், ஆடுகிற மண் கம்பெனி மண். ஆனால் கொடுத்தவன் நினைத்தபடியே வாங்கினவன் வைத்துக்கொள்வான் என்று எந்தச் சட்டமும் கிடையாது. பந்து கிடைத்த ஜனம் அதை வைத்து என்ன கற்றுக்கொண்டது என்று பார்க்க வேண்டும்.

2015 செப்டம்பரில் மூணாறுப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தது எல்லோருக்கும் தெரியும். 20 சதவீத போனஸை 10 ஆக்கினார்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் இறங்கினார்கள். யூனியன் தலைவர்களை, அதாவது ஆம்பிளைத் தலைவர்களை, கிட்டேயே சேர்க்கவில்லை. பெம்பிளை ஒருமை என்று பெயர் வந்தது. ஒன்பது நாளில் 20 சதவீதத்தை வாங்கினார்கள். 232 ரூபாயாக இருந்த தினக்கூலியை 500 ஆக்கக் கேட்டு, அடுத்த மாதம் 301ல் வந்து நின்றது. பத்திரிகைகள் எல்லாம் திடீரென்று எங்கிருந்து வந்தார்கள் இந்தப் பெண்கள் என்று ஆச்சரியப்பட்டன. அத்தையும் போயிருந்தாள். போனில் அவள் சொன்னது இது: "திடீர்னு என்னய்யா? செமி பைனலுக்குப் போற மாதிரிதான் கெளம்புனோம். எந்த லயத்துலருந்து எத்தன பேரு, எந்த ஜீப்புல யாரு, கட்டுச்சோறு யாரு, பிள்ளையள யாருட்ட விடது, எல்லாம் பழகுனதுதான. எதுர இருக்கது பெரிய டீமுன்னு தெரியும். தெரிஞ்சுதான் போனோம்." தெரிஞ்சுதான் போனோம் என்கிற வார்த்தையை நான் எத்தனையோ அரசியல் வகுப்புகளில் தேடியிருக்கிறேன்.

எங்கள் மலையிலும் தெரிந்துதான் போனார்கள். மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். சிறைக்குப் போனவர்களை விடுதலை செய்யக் கேட்டு 1999 ஜூலை 23ல் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனது. போலீஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. நான் அப்போது சின்னப் பையன். மணிமுத்தாறில் விசில் சத்தம் கேட்டால் அது சிறப்புக் காவல் படையின் பரேடாக இருக்கும். அந்த ஜூலைக்குப் பிறகு விசில் கேட்டால் பாட்டி பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, முடிகிறவரைக்கும் சும்மா இருப்பாள். அன்றைக்கு ஆற்றங்கரையில் லத்தியைத் தூக்கினவன் யாரிடமும் நீ பள்ளனா, பறையனா, சக்கிலியனா என்று கேட்டுவிட்டு அடிக்கவில்லை. எதிராளி வலுத்தவனாக இருக்கும்போது நம் ஓடை எதுவும் அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. நமக்குத்தான் தெரிகிறது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு லாரி, ஏழெட்டு ஜீப்பில் போனோம். மேடெல்லாம் தலை. ரெஃபரி விசில் ஊதியதும் ஜனம் சத்தம் போடத் தொடங்கியது. விசிலுக்குப் பிறகு சத்தம் கூடுவதை நான் அப்போதுதான் பார்த்தேன். கேப்டன்கள் நடுவில் போய் நின்றார்கள். நம் கீப்பர் சிறப்பு விருந்தினருக்குக் கை கொடுத்தான். அத்தை பக்கத்தில் இருந்தவளை இடித்து, "பாத்தியாட்டி" என்றாள். அத்தை சொன்ன இருபது நிமிஷம் தாங்கினார்கள், முப்பத்தைந்தும் தாங்கினார்கள். பெரிய டீமுக்குக் கோபம் வந்தது, பவுலும் செய்தார்கள். பிற்பாதியில் ஒரு கார்னரில் அந்த நெட்டையன் தலையால் முட்டினான். கடைசியில் இன்னொன்று. 2-0. தோற்றோம். திரும்பி வரும்போது லாரியில் அழுகை, பிறகு பாட்டு.

திங்கட்கிழமை எடைத்தராசில் கேள்வி பழையபடி ஆனது. எத்தனை கிலோ? கமிட்டியில் இழுத்த அந்தப் பெரியவர் டீக்கடையில் சொன்னாராம், "அவனக் கேப்டனாக்குனதுலதான் போச்சு." கார்னரில் ஆளை விட்டவன் எங்கள் சாதிக்காரன். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயித்தால் எஸ்டேட் ஜெயித்தது, தோற்றால் அருந்ததியன் தோற்றான். ஆனால் பயல்கள் அடுத்த வருஷமும் அவனையே கேப்டனாக வைத்தார்கள். அந்த வருஷம் செமி பைனல் எதுவும் வரவில்லை, முதல் சுற்றிலேயே போனார்கள். அப்போதும் அவன்தான் கேப்டன். எனக்கு அது செமி பைனலைவிடப் பெரிதாகப் பட்டது. அத்தை அவன் வீட்டில் கைநனைத்தாளா என்றால், அந்த வருஷம் இல்லை. அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு, மூன்று வருஷம் கழித்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எங்கள் லயத்திலிருந்து உட்கார்ந்தது ஐந்து பேர்.

இதைத்தான் நான் நம் இயக்கங்களின் முன்னால் வைக்க விரும்புகிறேன். உட்சாதிகள் ஒன்றுசேர வேண்டும் என்று மாநாட்டுக்கு மாநாடு தீர்மானம் போடுகிறோம். தீர்மானத்தால் ஓடை தூரவில்லை. அந்த எஸ்டேட்டில் அது கொஞ்சம் தூர்ந்தது ஒரு ஏழு நாளில். எல்லோரும் ஒன்றையே எதிர்பார்த்தார்கள், எதிராளி வலுத்தவன், உள்ளே கோடு போட்டால் ஆள் குறையும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எதிர்பார்ப்பு என்பது சும்மா கனவு இல்லை. அது ஆட்களை எண்ண வைக்கிறது. யார் இல்லாமல் முடியாது என்று பார்க்க வைக்கிறது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் கோடு திரும்ப வருகிறது. 1999ல் ஒன்றாக நடந்தவர்கள் பிறகு தனித்தனிப் போஸ்டர் ஒட்டினார்கள். செமி பைனல் இல்லாத வருஷத்திலும் அவனையே கேப்டனாக வைத்த அந்தப் பயல்கள் செய்ததை நம் கட்சிகள் இன்னும் செய்யவில்லை.

பிறகு நடந்தவை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. எங்கள் மலையில் 2028 வரை குத்தகை இருந்தும், கம்பெனி 2024ல் தோட்டத்தை நிறுத்தப்போவதாகச் சொல்லி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆகஸ்ட் 7க்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னது. உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அரசு தேயிலைக் கழகம் தோட்டத்தை எடுத்து நடத்த வேண்டும் என்ற மனுக்கள் அந்த டிசம்பரில் தள்ளுபடியாயின. அது புலிகள் காப்பகக் காடு, காடாகவே ஆகட்டும் என்கிறார்கள். நாலு தலைமுறை அங்கே பிறந்து செத்த ஜனத்துக்கு ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லை. பாட்டியைப் புதைத்த இடம்கூடக் குத்தகை நிலம்.

கீப்பர் இப்போது ஜீப் ஓட்டுகிறான். சாயங்காலம் எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறான், ஓடைக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும். மாஞ்சோலைச் செய்தியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான். "அண்ணே, ஒங்க மலையிலயும் டீம் இருந்துச்சுன்னு சொல்லுவீங்களே. நாலுமுக்கு, ஊத்து, மாஞ்சோலைன்னு ஒருத்தருக்கொருத்தர் ஆடுவாங்கன்னு. இப்ப அந்தப் பசங்க எங்க ஆடுறாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்த பதினோரு பேரைச் சொன்னேன். மூன்று பேர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இரண்டு பேர் சென்னையில், ஒருவன் செக்யூரிட்டி, ஒருவன் டெலிவரி. ஒருவன் கோயம்புத்தூரில், இரண்டு பேர் கேரளத்தில் மேஸ்திரி வேலை. இரண்டு பேர் கீழே வந்து வாடகை வீட்டில் இருந்துகொண்டு கிடைத்த வேலைக்குப் போகிறார்கள். ஒருவன் மட்டும் மலையை விட்டு இறங்க மாட்டேன் என்று அம்மாவோடு லயத்திலேயே இருக்கிறான். "அவன் என்ன ஆடுவான்?" என்று கேட்டான். கீப்பர் என்றேன்.